ஏ/எல் பெயருக்கு லினக்ஸ் ஏன் கோப்புறை தர மறுக்கிறது?

பட்டர்வொர்த்திலிருந்து கேட்டிருக்கும் தம்பியின் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரு கேள்விபோலத் தெரிந்தாலும் அதற்குள் நான்கு இருக்கின்றன. அவர் ஒரு டியூஷன் நிலையத்துக்கு உதவுகிறார். 42 மாணவர்களின் பெயர்கள் அடையாள அட்டையில் உள்ளபடி ரோமன் எழுத்தில், வரிக்கு ஒன்றாக, அலுவலகக் கணினியின் நோட்பேடில் தட்டப்பட்டிருக்கின்றன. தம்பி தன் பழைய மடிக்கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை நிறுவி, அந்தப் பட்டியலைப் படித்து ஆளுக்கு ஒரு கோப்புறை உண்டாக்கும் சிறிய ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) ஒன்றை எழுதினார். முதலில் பெயர்கள் துண்டு துண்டாகச் சிதறின. யாரோ சொன்னபடி, பெயரை வைத்திருக்கும் மாறிக்கு இரட்டை மேற்கோள்குறி போட்டதும் மலாய், சீனப் பெயர்கள் சரியாகிவிட்டன. மலேசிய இந்தியர்கள் தகப்பன் பெயருக்கு முன்னால் போடும் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) உள்ள பெயர் ஒன்றுக்குக்கூடக் கோப்புறை வரவில்லை. "அப்படியொரு கோப்போ கோப்புறையோ இல்லை" என்ற பிழைச் செய்திதான் வந்தது. உருவான கோப்புறைகளும், அவற்றைத் திரையில் பட்டியலிடும்போது மேற்கோள்குறிக்குள் தெரிகின்றன, வாலில் ஒரு டாலர் குறியும் ஏதோ கிறுக்கலும் ஒட்டிக்கொண்டு. பட்டியலின் கடைசியில் இருந்த சீன மாணவிக்குக் கோப்புறையும் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. கூடவே, கோப்புறைகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்தால் ஏதாவது கெட்டுவிடுமா என்றும் கேட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே, "லினக்ஸுக்கு நம் பெயர்களைப் பிடிக்காதா?" என்று ஒரு தலைப்பு.

பிடிக்கும், பிடிக்காது என்பதெல்லாம் அதற்கு இல்லை. இந்த நான்கு சிக்கல்களுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: நான் எழுதும் ஒரு வரியை யார் யார், எந்த வரிசையில் படிக்கிறார்கள்? கோலாலம்பூரில் சர்வர் பராமரிப்பு வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்டேன். புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்களில் பாதிக்குமேல் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கின்றன. தம்பி தன் ஸ்கிரிப்டை முழுதாகத் தரவில்லை. ஆகவே எது உறுதி, எது என் ஊகம் என்று ஆங்காங்கே சொல்லிக்கொண்டு போகிறேன். கட்டளைகளை நாம் வாயால் சொல்வதுபோலத் தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்கலாம். நீங்கள் எழுதும் வரியை முதலில் படிப்பது ஷெல். அது சாதாரண நிரல்தான். உபுண்டுவின் டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) பெரும்பாலும் பாஷ். இடைவெளி கண்ட இடத்தில் வரியை வெட்டுவது அதன் வேலை. முதல் துண்டு கட்டளையின் பெயர், மிச்சத் துண்டுகள் அந்தக் கட்டளைக்குக் கொடுக்கப்படும் சாமான்கள். மாறியில் வைத்திருந்த பெயரை மேற்கோள் இல்லாமல் எழுதினால், ஷெல் மாறியைப் பிரித்து உள்ளே இருப்பதை எடுத்து, அதையும் இடைவெளியில் வெட்டிவிடும். இரட்டை மேற்கோள்குறி என்பது ஷெல்லுக்கு நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை: "இதற்குள் வெட்டாதே." ஷெல் அதைக் கேட்டுக்கொண்டு, மேற்கோள்குறிகளைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் பெயரை அடுத்தவரிடம் தருகிறது. கோப்புறை உண்டாக்கும் எம்கேடிர் (mkdir) கட்டளை உங்கள் மேற்கோள்குறியைக் கண்ணால்கூடக் காண்பதில்லை.

எம்கேடிர் அந்தப் பெயரை அப்படியே, இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கொடுத்து, இதற்கு ஒரு கோப்புறை வேண்டும் என்று கேட்கிறது. கெர்னலுக்கு இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. அது வெட்டுவது வேறோர் இடத்தில், சாய்கோட்டில் (/). சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது தாய்க் கோப்புறை, பின்னால் இருப்பது அதற்குள் உண்டாக்க வேண்டியது. இதை மாற்ற எந்த மேற்கோள்குறியாலும் முடியாது, சாய்கோட்டுக்கு முன்னால் பின்சாய்கோடு (\) போட்டுத் தப்பிக்கவும் முடியாது. அவையெல்லாம் ஷெல்லுக்குப் புரிகிற பாஷை. கெர்னலிடம் போய்ச் சேருமுன் காணாமல் போய்விடுகின்றன. லினக்ஸின் மூதாதையான யுனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் ஒரு கோப்பின் பெயருக்குள் வரவே கூடாதவை இரண்டே இரண்டு: சாய்கோடு, சுழிய மதிப்புள்ள பைட் (பைட் என்பது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் சிறு அலகு). சுழியத்தை விலக்கியதற்குக் காரணம், சி மொழியில் ஒரு சொல் முடிந்ததற்கு அடையாளம் அதுதான். மற்றபடி இடைவெளி, நட்சத்திரக் குறி, கேள்விக்குறி, தமிழ், சீனம், ஏன், புதிய வரிக் குறிகூட இருக்கலாம். இவ்வளவு தாராளமான ஓர் அமைப்பு ஒதுக்கிவைத்த ஒற்றைக் குறியை நம் தகப்பன் பெயருக்கு முன்னால் நாம் வைத்திருக்கிறோம்.

ஒரு பெயரை வைத்துப் பார்த்தால் விளங்கும். முருகன் ஏ/எல் சுப்பையா என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். மேற்கோள் இல்லாமல் எம்கேடிருக்குக் கொடுத்தால் அதற்குப் போவது மூன்று பெயர்கள். முருகன் என்றொரு கோப்புறை வரும், சுப்பையா என்றொரு கோப்புறை வரும், நடுவில் ஏ/எல் மட்டும் தோற்கும். ஏனென்றால் ஏ என்ற தாய்க் கோப்புறை அங்கே இல்லை. அப்பனையும் பிள்ளையையும் பிரித்து ஆளுக்கொரு வீடு கொடுத்தாயிற்று. மேற்கோளோடு கொடுத்தால் கெர்னல் "முருகன் ஏ" என்ற கோப்புறையைத் தேடுகிறது. அதற்குள்தான் "எல் சுப்பையா" என்ற கோப்புறையை உண்டாக்க வேண்டும் என்பது அதன் புரிதல். தாய் இல்லை, ஆகவே "அப்படியொரு கோப்போ கோப்புறையோ இல்லை." செய்தி உண்மைதான். எது இல்லை என்பதைத்தான் அது சொல்வதில்லை. புதிதாக ஒன்றை உண்டாக்கப் போனவனிடம் "இல்லை" என்றால் அவனுக்கு என்ன விளங்கும்?

இதைத் தேடிப் பார்ப்பவர்களுக்கு அடுத்து ஒரு யோசனை கிடைக்கும்: எம்கேடிருடன் கழித்தல் குறி பி சேர்த்துக்கொள், தாய்க் கோப்புறை இல்லாவிட்டால் அதையும் அதுவே உண்டாக்கிவிடும். தம்பி, இங்கே அதைச் செய்யாதீர்கள். பிழைச் செய்தி மறையும், பிழை மறையாது. மேற்கோளோடு அப்படிச் செய்தால் "முருகன் ஏ" என்ற கோப்புறை உருவாகி, அதற்குள் "எல் சுப்பையா" போய் உட்கார்ந்திருக்கும். மேற்கோள் இல்லாமல் செய்தால் இன்னும் வேடிக்கை: எல்லாருக்கும் பொதுவாக ஏ என்று ஒரு கோப்புறை, அதற்குள் பையன்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு எல், பெண்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பி.

நானே பட்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்சாலைக்குச் சம்பளச் சீட்டுகளை ஆள்வாரியாகக் கோப்புறையில் போடும் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். மேற்கோள் போடத் தெரிந்திருந்தது, கழித்தல் பி போடவும் தெரிந்திருந்தது. ஒரு பிழைச் செய்திகூட இல்லை. சீட்டை எழுதும் நிரலும் எடுத்துக் காட்டும் நிரலும் ஒரே பாதையைப் பயன்படுத்தியதால் இரண்டும் ஒன்றையொன்று சரியாகவே கண்டுகொண்டன. திரையில் எல்லாருடைய சீட்டும் வந்தது. இரவில் ஓடிய காப்பு நகல் ஸ்கிரிப்ட் மட்டும் ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் ஒரே ஒரு படி இறங்கிக் கோப்புகளை எடுத்தது. நம்மவர்களின் சீட்டுகள் இரண்டு படி கீழே இருந்தன. வட்டு பழுதாகி, காப்பு நகலிலிருந்து எல்லாவற்றையும் மீட்டெடுத்த பிறகு, அங்கிருந்த கிராணி அம்மா தொலைபேசியில் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்தியத் தொழிலாளர்கள் சீட்டு மட்டும் ஏன் தம்பி இல்லை?" என்ன பதில் சொல்வது? சம்பளக் கணக்கு வேறோர் இடத்தில் இருந்ததால் சீட்டுகளை மறுபடி அச்சிட முடிந்தது. தவறு முழுக்க என்னுடையது. சத்தமில்லாமல் வெற்றி பெறும் கட்டளையை அன்றிலிருந்து நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

சாய்கோடு ஏன் என்று கேட்டால் அது பழைய கதை. பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யுனிக்ஸைத் தொடங்கியபோது, அதற்கு முன் அவர்கள் வேலை செய்த மல்டிக்ஸ் அமைப்பில் கோப்புறைகளைப் பிரிக்க "பெரியது" என்ற கணிதக் குறியைப் பயன்படுத்தி வந்தார்கள். யுனிக்ஸ் சாய்கோட்டைத் தேர்ந்தது. மைக்ரோசாஃப்ட்டின் டாஸ் முதற் பதிப்பில் கோப்புறைகளே கிடையாது; சாய்கோட்டைக் கட்டளைகளின் விருப்பத் தேர்வுகளுக்குச் செலவழித்துவிட்டார்கள். 1983-இல் இரண்டாம் பதிப்பில் கோப்புறைகள் வந்தபோது மிஞ்சியது பின்சாய்கோடு. விண்டோஸ் அந்தச் சொத்தை இன்னும் வைத்திருக்கிறது. ஆனால் விண்டோஸிலும் பெயருக்குள் சாய்கோடு போட முடியாது. அது தடுக்கும் குறிகள் யுனிக்ஸ் தடுப்பவற்றைவிட அதிகம். ஆகவே அங்கே போனால் நம் பெயருக்கு விடிவு கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம்.

மேக் வைத்திருப்பவர் யாராவது, "என் கணினியில் ஏ/எல் போட்டே கோப்புறை வைத்திருக்கிறேன்" என்று சொல்லக் கூடும். அவர் பொய் சொல்லவில்லை. பழைய மேக்கில் பிரிக்கும் குறி முக்காற்புள்ளி. இன்றைய மேக்கின் அடித்தளம் யுனிக்ஸ் என்பதால், மேலே ஃபைண்டர் சாளரத்தில் நீங்கள் சாய்கோடு என்று தட்டுவது கீழே முக்காற்புள்ளியாகச் சேமிக்கப்படுகிறது. அதே கோப்புறையை மேக்கின் டெர்மினலில் பட்டியலிட்டுப் பாருங்கள், முருகன் ஏ:எல் சுப்பையா என்று இருக்கும். அதை ஒரு பென் டிரைவில் போட்டு விண்டோஸ் கணினிக்குக் கொண்டுபோகும்போது அடுத்த தகராறு தொடங்கும், முக்காற்புள்ளியும் அங்கே தடை.

அப்படியானால் என்னதான் செய்வது? உடனடித் தீர்வு, பெயரிலுள்ள சாய்கோட்டைக் கோப்புறைக்கு மட்டும் சிறுகோடாக மாற்றிக்கொள்வது. டிஆர் என்ற கட்டளை அதற்குப் போதும்: முதலில் சாய்கோடு, அடுத்து சிறுகோடு, இரண்டையும் தனித்தனி ஒற்றை மேற்கோளுக்குள் கொடுத்துப் பெயரை அதன் வழியே விட்டால் முருகன் ஏ-எல் சுப்பையா வெளியே வருவார். விமான டிக்கெட்டிலிருந்து வங்கிப் படிவம் வரை நம் சாய்கோட்டை ஏற்கனவே எத்தனையோ இடங்களில் விழுங்கிவிட்டார்கள், இன்னோரிடத்தில் சிறுகோடானால் குடி முழுகிப்போகாது. சாய்கோடு போலவே தோன்றும் வேறு யூனிக்கோடு குறியைப் போட்டு ஏமாற்றலாம் என்று ஒரு தந்திரமும் உலவுகிறது. பின்னங்களுக்கான சாய்கோடு ஒன்று தனியாகவே இருக்கிறது. பார்வைக்கு அழகாக இருக்கும். நாளைக்கு விசைப்பலகையிலிருந்து ஏ/எல் என்று தட்டித் தேடுபவருக்கு அந்த மாணவர் கிடைக்க மாட்டார். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நான் செய்வது வேறு. மனிதரின் பெயரைக் கோப்புறைக்கு வைப்பதே இல்லை. நிலையம் தரும் வரிசை எண் 001, 002 என்று கோப்புறைகள் இருக்கட்டும். எண்ணும் முழுப் பெயரும் அடங்கிய பட்டியல் ஒன்று தனியாக இருக்கட்டும். பட்டியலுக்குள் ஏ/எல் தாராளமாக வாழலாம், ஏனென்றால் கோப்பின் உள்ளடக்கத்தை யாரும் சாய்கோட்டில் வெட்டுவதில்லை. ஒரே பெயரில் இரண்டு மாணவர் வந்தாலும் மோதல் இல்லை. எண் என்றதும் அடையாள அட்டை எண்ணை எடுத்துவிடாதீர்கள். 12 இலக்கமும் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பது உண்மைதான். ஆனால் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம். பினாங்கு என்றால் 07, கோலாலம்பூர் என்றால் 14. பிள்ளைகளின் விவரத்தைக் கோப்புறையின் நெற்றியில் எழுதி ஒட்டுவதற்கு அது சமம்.

அடுத்தது மேற்கோளும் வாலும். இவை இரண்டும் வெவ்வேறு விஷயங்கள். பட்டியலில் பெயரைச் சுற்றித் தெரியும் ஒற்றை மேற்கோள்குறிகள் கோப்புறையின் பெயரில் இல்லை. எல்எஸ் கட்டளை உங்களுக்காகப் போட்டுக் காட்டுவது. லினக்ஸின் அடிப்படைக் கட்டளைகள் அடங்கிய குனு தொகுப்பின் 8.25 பதிப்பு 2016-இல் வந்ததிலிருந்து, இடைவெளியோ விபரீதமான குறியோ உள்ள பெயர்களை இப்படிக் காட்டுவது அதன் வழக்கம். அப்படியே நகலெடுத்து அடுத்த கட்டளையில் ஒட்டினால் வேலை செய்யும் என்பது நோக்கம். பலருக்கு அன்று கோபம் வந்தது, எனக்குப் பழகிவிட்டது. பிடிக்காவிட்டால் கழித்தல் குறியுடன் பெரிய என் சேர்த்துப் பாருங்கள், மேற்கோள் போய்விடும்.

வால் அப்படிப்பட்டதல்ல, அது உண்மையிலேயே பெயரில் இருக்கிறது. டாலர் குறிக்குப் பின் மேற்கோளுக்குள் பின்சாய்கோடும் ஆர் எழுத்தும் தெரிந்தால் அதன் பொருள் ஒன்றுதான்: பெயரின் கடைசியில் 13 என்ற மதிப்புள்ள பைட் ஒட்டியிருக்கிறது. தட்டச்சு இயந்திரத்தில் வரி முடிந்ததும் உருளையை வலப்பக்கம் தள்ளுவோமே, அந்த அசைவின் வாரிசு அது. விண்டோஸ் உலகில் ஒரு வரி 13, 10 என்ற இரண்டு பைட்டுகளால் முடிகிறது. யுனிக்ஸில் 10 மட்டும். பட்டியலைத் தட்டியது நோட்பேட். உங்கள் ஸ்கிரிப்ட் 10-ஐ வரியின் முடிவாக எடுத்துக்கொண்டு, 13-ஐப் பெயரின் கடைசி எழுத்தாகச் சேர்த்துக்கொண்டது. பிறகு கையால் "அகமட் பின் இஸ்மாயில்" என்று சரியாகத் தட்டினாலும் அப்படியொரு கோப்புறை இல்லை என்றுதான் பதில் வரும். கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து குறைகிறதே! அதே டிஆர் கட்டளைக்குக் கழித்தல் டி கொடுத்து அந்தக் குறியைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடலாம். நீக்கியதை வேறொரு பெயரில் சேமியுங்கள். படிக்கும் கோப்பின் மேலேயே எழுதச் சொன்னால், கட்டளை ஓடத் தொடங்குமுன்பே ஷெல் அந்தக் கோப்பைக் காலி செய்துவிடும், 42 பெயரும் போய்விடும். வரிகளை முதலில் படிப்பது ஷெல் என்றேனே, அதன் இன்னொரு விளைவு இது.

கடைசி மாணவியைப் பற்றி நான் சொல்வது ஊகம், ஆனால் வலுவான ஊகம். அவர் பெயரில் சாய்கோடு இல்லை, பிழைச் செய்தியும் வரவில்லை. அப்படியானால் அவர் பெயர் எம்கேடிர் வரைக்கும் போகவே இல்லை. நீங்கள் வைல் (நிபந்தனை சரியாக இருக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்வது), ரீட் (ஒரு வரியைப் படிப்பது) இரண்டையும் சேர்த்து வரி வரியாகப் படித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். புதியவர்களுக்கு எல்லாரும் கற்றுக்கொடுக்கும் முறை அதுதான். பட்டியலைத் தட்டியவர் கடைசிப் பெயருக்குப் பின் என்டர் விசையை அழுத்தாமல் சேமித்திருப்பார். யுனிக்ஸில் புதிய வரிக் குறி என்பது இரண்டு வரிகளுக்கு நடுவே வைக்கும் சுவரன்று, ஒவ்வொரு வரிக்கும் வைக்கும் முற்றுப்புள்ளி. புள்ளி இல்லாத கடைசி வரியை ரீட் படிக்கும். பெயரை மாறியிலும் வைத்துவிடும். ஆனால் வரி முடியுமுன் கோப்பு முடிந்துவிட்டதே என்று "தோல்வி" எனத் திரும்பும். வைல் அந்தத் தோல்வியைப் பார்த்துச் சுற்றை நிறுத்திவிடுகிறது. மாணவியின் பெயர் கையில் இருக்க, கதவு சாத்தப்படுகிறது. தம்பி, ஒரு சோதனை செய்யுங்கள்: டபிள்யூசி கட்டளைக்குக் கழித்தல் எல் கொடுத்துப் பட்டியலின் வரிகளை எண்ணச் சொல்லுங்கள். அது எண்ணுவது புதிய வரிக் குறிகளை. 41 என்று வந்தால் என் ஊகம் சரி. கடைசியில் ஒரு என்டர் தட்டினால் தீர்ந்தது. பட்டியல் யார் யார் கையிலிருந்தோ வரும் என்றால், வைலின் நிபந்தனையை "ரீட் வென்றால், அல்லது மாறியில் ஏதாவது மிச்சமிருந்தால்" என்று எழுதிவிடுவது நல்லது. ரீட் கட்டளைக்குக் கழித்தல் ஆர் சேர்க்கவும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பின்சாய்கோடுகளை அது தின்றுவிடும்.

தமிழில் பெயர் வைக்கலாமா? தாராளமாக. முன்பு இதே கேள்விக்கு யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு என்று இருந்த காலத்தில், மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளில் தட்டிப் பழகிய எங்களைப் போன்றவர்களிடம், இன்று திறந்தால் கிறுக்கலாகத் தெரியும் பழைய கோப்புகள் இன்னும் கிடக்கின்றன. இப்போது எல்லாம் யூடிஎஃப்-8. யுனிக்ஸைத் தொடங்கிய அதே கென் தாம்சன், ராப் பைக்குடன் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் இருந்தபோது, தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் 1992 செப்டம்பரில் வரைந்த குறியீடு அது. அவர்கள் கவனமாக இருந்த ஒரு விஷயம் நம் கேள்விக்கு நேராக வருகிறது: ஆங்கில எழுத்தும் குறிகளும் தவிர்ந்த எந்த எழுத்தின் பைட்டுகளிலும் சாய்கோட்டின் மதிப்பு தற்செயலாகக்கூட வராது. எனவே கெர்னல் தமிழ்ப் பெயரைத் தவறான இடத்தில் வெட்டவே முடியாது. அதற்கு அது தமிழ் என்றே தெரியாது. பைட்டுகளின் வரிசை, அவ்வளவுதான்.

அந்த "அவ்வளவுதான்" என்பதில் இரண்டு விளைவுகள் இருக்கின்றன. ஒன்று நீளம். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். முருகன் என்பது நமக்கு நான்கு எழுத்து; உகரக் கொம்புகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் கணினிக்கு ஏழு, ஆக 21 பைட். திரையில் அச்சிடும் எக்கோ கட்டளையில் கொடுத்து எண்ணினால் 22 வரும், ஏனென்றால் எக்கோ கடைசியில் புதிய வரிக் குறியைத் தானே சேர்க்கும், அதே வேலை செய்யும் பிரின்ட்எஃப் சேர்க்காது. உபுண்டுவில் வழக்கமாக இருக்கும் கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் உச்சம், அதாவது 85 தமிழ்க் குறியீடுகள். ஆள் பெயருக்கு இது போதும், கட்டுரைத் தலைப்பை அப்படியே கோப்புக்கு வைப்பவர் முட்டிக்கொள்வார். இரண்டாவது விளைவு கொஞ்சம் வஞ்சகமானது. பொன்னி என்ற பெயரின் "பொ" என்பதில் உள்ள ஒகர உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. பைட்டுகள் 18, 21. லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு பொன்னிகள்; ஒரே இடத்தில் இரண்டு கோப்புறைகள் அருகருகே இருக்கும், எது எது என்று உங்கள் கண்ணால் சொல்ல முடியாது. விசைப்பலகையில் தட்டும்போது இது அபூர்வம். எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டும்போது எச்சரிக்கை வேண்டும். டிஆர் கட்டளையைத் தமிழ் எழுத்துகளை மாற்றப் பயன்படுத்த வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குனுவின் டிஆர் பைட் பைட்டாக மாற்றும், மூன்றில் ஒன்றை மாற்றி எழுத்தையே உடைத்துவிடும். சாய்கோடு ஒரே பைட் என்பதால்தான் மேலே அதைச் சொன்னேன். கோப்புறைக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாம் என்றாலும் பாஷ் மாறிக்குத் தமிழ்ப் பெயர் வைக்க முடியாது. ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும். பைத்தான் மொழி அந்த விஷயத்தில் பெருந்தன்மையானது.

இப்போது உங்கள் மடிக்கணினியில் சிதறிக் கிடப்பவற்றைச் சுத்தம் செய்ய வேண்டும். அழிக்கும் ஆர்எம் கட்டளையை, "எல்லாம்" என்று பொருள்படும் நட்சத்திரக் குறியோடு தட்டும் ஆசை வரும், அடக்குங்கள். ஆர்எம்டிர் காலிக் கோப்புறையை மட்டும்தான் நீக்கும், உள்ளே ஏதாவது இருந்தால் மறுத்துவிடும். அந்த இடத்தில் நின்றுகொண்டு ஆர்எம்டிருக்கு நட்சத்திரக் குறி கொடுத்தால் குப்பைகள் போகும், யாருடைய தாளாவது ஏற்கனவே உள்ளே வைத்திருந்தால் அது பிழைத்துக்கொள்ளும். அடுத்த முறை ஓட்டுமுன், ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் செட் கட்டளையுடன் கழித்தல் எக்ஸ் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு கட்டளையையும் ஷெல் வெட்டி முடித்த நிலையில், முன்னால் ஒரு கூட்டல் குறி போட்டு உங்களுக்குக் காட்டும். பெயர் முழுதாகப் போகிறதா, துண்டாகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். எம்கேடிருக்கு முன்னால் எக்கோ சேர்த்து ஒத்திகை பார் என்று பலர் சொல்வார்கள். பொதுவாக நல்ல பழக்கம்தான், இந்த இடத்தில் உதவாது: மூன்று துண்டாக வந்ததையும் ஒரே துண்டாக வந்ததையும் எக்கோ ஒரே மாதிரி இடைவெளி விட்டு அச்சிடும்.

முதலில் அந்த வரி எண்ணிக்கையைப் பாருங்கள், தம்பி. 41 வந்தால் மேலே சொன்னபடி செய்யலாம். 42 வந்தால் என் ஊகம் தவறு. அப்போது ஸ்கிரிப்டை முழுதாக இங்கே போடுங்கள், பிள்ளைகளின் பெயர்களை மட்டும் மாற்றிவிட்டு.